ஒரு கடிதத்துக்குக் கோர்ட் கதவு திறக்குமா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் "உரிமைகள், நீதிமன்றங்கள் பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள்" என்று இரண்டு வரி போட்டிருந்தோம். தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாளையங்கோட்டையில் முப்பது வருஷமாக வக்கீல் தொழில் பார்க்கிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி, உச்ச நீதிமன்றம் டெல்லியில் இருக்கிறது, நான் அம்பையில் இருக்கிறேன். என் உரிமையை அது எப்படிக் காப்பாற்றும்? வசதி உள்ளவனுக்குத்தானே அதெல்லாம்?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியைச் சொல்கிறேன். அடிப்படை உரிமை பறிபோனால் நேரே உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்கிறது நம் அரசமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு. அப்படிப் போவதே ஓர் அடிப்படை உரிமை. எந்தப் பிரிவை எடுத்துவிட்டால் இந்தச் சட்டமே ஒன்றுமில்லாமல் போகும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், இதுதான் இதன் உயிரும் இதயமும் என்று 1948 டிசம்பரில் அம்பேத்கர் பேசினார். 226ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். நடைமுறையில் நாம் போவது அங்கேதான். 2004 ஜூலைக்கு முன்னால் அதற்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிந்ததும் சென்னையில் இறங்கி, ஒரு லாட்ஜில் குளித்துவிட்டு கோர்ட்டுக்கு ஓட வேண்டும். மதுரைக் கிளை வந்த பிறகு காலையில் பஸ் ஏறினால் மனுவைத் தாக்கல் செய்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இது சின்ன விஷயம் இல்லை. உரிமை என்பது புத்தகத்தில் எத்தனை பக்கம் என்பதைவிட, அந்தக் கதவு எத்தனை மைல் தள்ளி இருக்கிறது, தட்ட எவ்வளவு காசு ஆகிறது என்பதைத்தான் நான் எப்போதும் பார்ப்பேன்.

காசு என்றதும் கடிதம் ஞாபகம் வருகிறது. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஒருவர், இன்னொரு கைதியை வார்டர் சித்ரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். வக்காலத்து இல்லை, கோர்ட் ஸ்டாம்ப் இல்லை. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக (காவலில் இருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கிற மனு) எடுத்துக்கொண்டு 1979இல் தீர்ப்புச் சொன்னது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். அதேபோல 1986இல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு நடத்திய டி.கே.பாசு, லாக்கப் சாவுகளைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை வைத்துத் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம்தான் பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பரில், கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்ற விதிகளாக வந்தது. இன்றைக்கு அந்த விதிகள் ஸ்டேஷன் வாசலில் போர்டாகத் தொங்குகின்றன. பலர் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள், படிப்பதில்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. புளோரிடாவில் ஒரு பூல் விளையாட்டுக் கடையை உடைத்துத் திருடியதாக கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை மீது வழக்கு. "எனக்கு வக்கீல் வைக்கக் காசில்லை, நீங்களே ஒருவரைப் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் அப்படித் தர முடியும் என்று சொல்லிவிட்டார் நீதிபதி. ஐந்து வருஷம் சிறை. உள்ளே இருந்துகொண்டு, சிறைத் தாளில், பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், வசதியில்லாதவனுக்கு அரசாங்கம் வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்றார்கள். மறுபடி விசாரணை நடந்தது, இந்தத் தடவை கூட ஒரு வக்கீல் இருந்தார், விடுதலை ஆனார். ஜெர்மனியில் இதை இன்னும் எளிதாக்கி வைத்திருக்கிறார்கள்: கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் உள்ள அரசமைப்பு நீதிமன்றத்துக்கு யார் வேண்டுமானாலும் தன் உரிமை மீறப்பட்டதென்று எழுத்தில் புகார் அனுப்பலாம், கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகின்றன, நூற்றுக்கு ஓரிரண்டுதான் ஜெயிக்கின்றன. ஆனாலும் ஒருவரையும் வாசலில் மறிப்பதில்லை.

சரி, நம் ஊர்க் கதை ஒன்று. நான் ஜூனியராக இருந்த காலம். முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பீடி சுற்றுகிற ஓர் அம்மா எங்கள் சீனியர் ஆபீசுக்கு வந்தார். பத்தொன்பது வயது மகனை செவ்வாய்க்கிழமை ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சைக்கிள் திருட்டாம். எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதவில்லை. புதன்கிழமை காலையில் ஊர் வாத்தியார் ஒருவர் சொல்லிக்கொடுத்ததால், பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு தபால் ஆபீசுக்குப் போய் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் கலெக்டருக்கும் தந்தி அடித்திருக்கிறார். வார்த்தைக்குக் காசு என்பதால், கெஞ்சுகிற வார்த்தைகளை எல்லாம் எடுத்துவிட்டு, பையன் பேர், ஸ்டேஷன் பேர், கூட்டிப்போன நேரம், இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ரிமாண்டுக்குக் கொண்டுவந்தபோது, வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாக எழுதியிருந்தார்கள். சீனியர் எழுந்து, புகையிலை வாசம் போகாத, மடியில் மடித்து மடித்துக் கிழியப்போன அந்த ரசீதை நீட்டினார். முத்திரையில் புதன்கிழமை. மாஜிஸ்ட்ரேட் தன் மேஜையில் வந்திருந்த தந்தியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பையனிடம் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகைப் பார்த்துவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், அன்றைக்கே ஜாமீன். அந்த அம்மாவுக்கு 32ஆவது பிரிவும் தெரியாது, 226ஆவது பிரிவும் தெரியாது. டெல்லியில் எழுதப்பட்டது அந்த அறைக்குள் வந்து சேர்ந்தது அந்த ரசீதின் வழியாகத்தான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம்தான் உலகத்துக்கே முன்மாதிரி என்கிறார் எங்கள் பேராசிரியர். உண்மையா சார்?
(கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பாதி உண்மை தம்பி. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தையே செல்லாது என்று சொல்லும் அதிகாரம் தனக்கு உண்டு என்று 1803இலேயே சொன்ன நீதிமன்றம் அது. ஆனால் அதே நீதிமன்றம்தான் 1857இல், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே ஆக முடியாது என்றது. 1896இல், ரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி கறுப்பருக்கு ஒரு பெட்டி என்று பிரித்து வைப்பதில் தப்பில்லை, வசதி சமமாக இருந்தால் போதும் என்றது. ஹார்லன் என்ற ஒரே ஒரு நீதிபதி மட்டும் மறுத்து எழுதினார். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்க்காரர்களான நமக்கு அந்த "தனித்தனி, ஆனால் சமம்" என்ன பொய் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட 58 வருஷம் ஆனது. 1954 மே 17 அன்று, பள்ளிக்கூடத்தில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். பிரவுன் வழக்கு. சொன்னவுடன் நடந்துவிட்டதா என்றால், இல்லை. 1957இல் லிட்டில் ராக் ஊரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய, ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. தெற்கு மாநிலங்களில் 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வரும்வரை பெரும்பாலான கறுப்பினக் குழந்தைகள் தனிப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். இன்னொன்றையும் உங்கள் சாரிடம் கேளுங்கள்: 1973இல் கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமை என்று சொன்ன அதே நீதிமன்றம் 2022இல் அப்படி ஓர் உரிமை அரசமைப்பில் இல்லை என்று திருப்பிவிட்டது. அங்கே நீதிபதிகளை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, ஆயுள் முழுக்கப் பதவி. ஆள் மாறினால் உரிமையும் மாறுகிறது. ஜெர்மனியில் பன்னிரண்டு வருஷம்தான், மறு நியமனம் கிடையாது, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதனால் ஒரு கட்சி தன் ஆளை மட்டும் போட முடியாது. எனக்கு அந்த ஏற்பாடு மேல் என்று படுகிறது.

பள்ளிக்கூடத்தில் என்ன உடுத்தலாம், என்ன போடலாம் என்பதெல்லாம் உச்ச நீதிமன்றம் வரை போகிற விஷயமா? மற்ற நாடுகளில் என்ன சொல்லியிருக்கிறார்கள்?
(மாணவி, மேலப்பாளையம்)

போகிற விஷயம்தான் மகளே. நீ எதை மனதில் வைத்துக் கேட்கிறாய் என்று தெரிகிறது. கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள், பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதனால் உனக்கு வேறு ஒரு வழக்கைச் சொல்கிறேன். தமிழ்க் குடும்பத்து வழக்கு, நடந்தது தென்னாப்பிரிக்காவில்.

டர்பன் நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. அங்கே படித்த ஒரு பெண் 2004இல் லீவில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். நகை கூடாது என்பது பள்ளி விதி, கழற்று என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம், பெண் வயதுக்கு வந்தால் மூக்குத்தி போடுவது எங்கள் வழக்கம், பதினாறு வயதில் பாட்டி தங்க மூக்குத்தி போட்டுவிடுவார் என்று எழுதிக் கொடுத்தார். நம் வீட்டுப் பாட்டி யாராவது பேசுகிற மாதிரி இல்லையா? பள்ளி விடவில்லை. கீழ் நீதிமன்றம் பள்ளிப் பக்கம், மேலே போனால் பெண் பக்கம், கடைசியில் 2007இல் அரசமைப்பு நீதிமன்றம் வரை போனது, அதற்குள் அவள் படிப்பே முடிந்துவிட்டது. ஆனாலும் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒரு வழக்கம் மதத்தில் கட்டாயமா இல்லையா என்பது மட்டும் கேள்வியில்லை, மனதாரத் தானாகக் கடைப்பிடிப்பதற்கும் பாதுகாப்பு உண்டு, விதிவிலக்குத் தர மறுத்தது பாகுபாடு. இன்றைக்கு மூக்குத்தியை விட்டால் நாளைக்கு என்னென்னவோ போட்டுக்கொண்டு வருவார்களே என்று பள்ளிக்கூடம் பயந்தது. பிள்ளைகள் தங்கள் பண்பாட்டோடு வந்தால் பள்ளிக்கூடம் வளம்தானே பெறும் என்று பதில் சொன்னார் தலைமை நீதிபதி லங்கா.

இதே தென்னாப்பிரிக்காவில் 1913இல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதினார். அதை எதிர்த்து காந்தியோடு சிறைக்குப் போன பெண்களில் ஒருத்திதான் தில்லையாடி வள்ளியம்மை. அங்கே ஜோஹன்னஸ்பர்க் நகரத்தில் காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த பழைய கோட்டைச் சிறை வளாகத்தில்தான் இன்றைய அரசமைப்பு நீதிமன்றம் நிற்கிறது, இடித்த சிறைக் கட்டடத்தின் செங்கல்லையே எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நம் உச்ச நீதிமன்றமும் 1986இல் கேரளத்துப் பிள்ளைகள் மூன்று பேருக்காக நின்றது. தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் மத நம்பிக்கையால் பாட மாட்டார்கள், அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். திரும்பச் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம். கனடாவில் 2006இல், ஒரு சீக்கியப் பையன் தன் மதச் சின்னமான கிர்பான் என்ற சிறு கத்தியைத் துணிக்குள் தைத்து மறைத்துக்கொண்டு பள்ளிக்கு வரலாம் என்றார்கள்.

நம் பக்கம் சிலர் உடனே கேட்பார்கள், அப்படியானால் சாதிக்கு ஒரு கலரில் கையில் கயிறு கட்டுவதும் உரிமைதானே என்று. இல்லை. மூக்குத்தி யாரையும் தள்ளி வைப்பதில்லை. அந்தக் கயிறு, இவன் யார், இவனோடு சேரலாமா, இவனை அடிக்கலாமா என்று பார்த்தவுடன் தெரிவதற்காகக் கட்டுவது. நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவன் சக மாணவர்களால் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு இருக்கிற நாட்டில் இதைப் பண்பாடு என்று யாரும் சொல்ல வரக் கூடாது.

பிரிட்டனில் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்யவே முடியாதாமே?
(வாசகர், சங்கரன்கோவில்)

முடியாது. அங்கே நாடாளுமன்றம்தான் உச்சம், எழுதி வைத்த ஒரே அரசமைப்பு நூலும் இல்லை. மனித உரிமைச் சட்டத்துக்கு ஒவ்வவில்லை என்று அறிவிக்க மட்டும் முடியும், மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. 2004இல், வெளிநாட்டவரை விசாரணையில்லாமல் காலவரையின்றி அடைத்து வைத்த சட்டத்தைப் பற்றி அப்படி அறிவித்தார்கள், அடுத்த வருஷமே சட்டம் மாறியது.

எங்கள் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர். அங்கே எந்த நீதிமன்றமும் அவர்களுக்காக நிற்கவில்லையா?
(வாசகி, தென்காசி)

நிற்கவில்லை அம்மா. 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு, அடுத்த வருஷம் ஓட்டுரிமையையும் எடுத்தார்கள். கோடக்கன் பிள்ளை என்பவர் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டு வழக்குப் போட்டார். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் செல்லாது என்று அன்றைய அரசமைப்பின் 29ஆவது பிரிவில் இருந்தது. ஆனால் இலங்கை உச்ச நீதிமன்றம், சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் சொல்லப்படவில்லையே என்று எழுத்தை மட்டும் பார்த்துக் கையை விரித்துவிட்டது, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் 1953இல் அந்த முடிவையே உறுதி செய்தது. லட்சக்கணக்கான பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். பிறகு 1964 சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தம், உங்கள் தாத்தா வந்த கப்பல், எல்லாம் அதன் தொடர்ச்சி.

இப்போது அங்கே 126ஆவது பிரிவின்படி உரிமை மீறல் நடந்தால் ஒரு மாதத்துக்குள் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். 2007 ஜூனில் கொழும்பு லாட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றியபோது, மறுநாளே தடை போட்டது அந்த நீதிமன்றம்தான். ஆனால் நிறைவேறிய சட்டத்தை எதிர்த்து அங்கே வழக்குப் போட முடியாது, மசோதாவாக இருக்கும்போதே போட வேண்டும். பெரிய ஓட்டை அது. கனடாவுக்கு அகதியாகப் போனவர்களுக்கு 1985இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய காரியம் செய்தது: குடிமகனோ இல்லையோ, கனடா மண்ணில் நின்று அடைக்கலம் கேட்கிற எவரையும் நேரில் பேச விடாமல் அனுப்பக் கூடாது என்றது.

நம் உச்ச நீதிமன்றமே மக்களைக் கைவிட்டது உண்டா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், களக்காடு)

உண்டு ஐயா. 1976 ஏப்ரல் 28. எமர்ஜென்சியில் விசாரணையில்லாமல் உள்ளே போட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாமா என்பது கேள்வி. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் போடலாம் என்று சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் நான்கு பேர் கூடாது என்றார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மறுத்தார். சட்டவிரோதமாக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட கோர்ட்டுக்கு வர முடியாதா என்று விசாரணையின்போது அவர் கேட்க, அரசுத் தரப்பு, வர முடியாது என்றே பதில் சொன்னது. அடுத்த தலைமை நீதிபதியாக வர வேண்டியவர் அவர். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவரை நியமித்தார்கள், ராஜினாமா செய்துவிட்டுப் போனார். 1978இல் 44ஆவது திருத்தம் வந்து, நெருக்கடி நிலையிலும் உயிர், சுதந்திர உரிமையை நிறுத்தி வைக்க முடியாது என்றாக்கியது. அந்தத் தீர்ப்பையே தவறு என்று 2017இல் ஒன்பது நீதிபதி அமர்வு ஒதுக்கித் தள்ளியது. அதில் எழுதியவர்களில் ஒருவர் டி.ஒய்.சந்திரசூட். நான்கு பேரில் ஒருவராக 1976இல் கையெழுத்துப் போட்டது அவருடைய அப்பா.

அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1973இல், நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாது என்று 13 பேர் அமர்வில் ஏழுக்கு ஆறு என்று சொன்னதும் இதே நீதிமன்றம்தான். அந்த யோசனைக்கு ஒரு வேர் ஜெர்மனியில் இருக்கிறது. டீட்ரிச் கான்ராட் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1965இல் காசியில் வந்து பேசியது அது. ஹிட்லரிடம் அடிபட்டு, மனித மாண்பை எந்தத் திருத்தத்தாலும் தொட முடியாது என்று எழுதி வைத்துக்கொண்ட நாடு. ஆறு பேர் அல்ல ஏழு பேர் வேறு மாதிரி நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

தம்பியை ராத்திரி போலீஸ் கூட்டிக்கொண்டு போகிறது என்றால் நான் முதலில் என்ன செய்ய வேண்டும்? தந்தியும் இப்போது இல்லையே.
(வாசகி, வள்ளியூர்)

தந்தி 2013 ஜூலையோடு போய்விட்டது, ஆனால் நேரம் பதிவாகிற எதுவும் தந்திதான். எஸ்.பி. ஆபீசுக்கும் கலெக்டருக்கும் உடனே ஈமெயில் அனுப்புங்கள், காலையில் ஸ்பீட் போஸ்டும் போடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்க மாட்டார்கள். கைதுக் குறிப்பில் வீட்டாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், வழி நேரம் தவிர 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். மீறினால் மதுரையில் ஆட்கொணர்வு மனு.

2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் சித்ரவதைக்கு ஆளான தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது, மதுரைக் கிளை யாரும் கேட்காமல் தானாக வழக்கை எடுத்து, தடயம் அழியாமலிருக்க அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறை அதிகாரிகள் பொறுப்பில் விடச் சொன்னது. அங்கே கேமரா இருந்தது, ஆனால் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. அதே வருஷம் டிசம்பரில், இன்னொரு வழக்கில், நாட்டின் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து, பதிவைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதனால் உங்கள் புகாரில் இந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்: "இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரையுள்ள கேமரா பதிவை அழிக்காமல் வைக்கவும்." தம்பியை மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டுவரும்போது நீங்களும் அங்கே இருங்கள். அடித்தார்களா என்று அவர் கேட்டால் தலையை ஆட்டாமல் வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லச் சொல்லுங்கள்.